தோட்டா புதுசானால் துப்பாக்கியும் புதுசுதான்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய பெரிய வீடுகள் சிலவற்றில் இரும்புப் பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு பொருள் இன்றைக்கும் கிடக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அது இருப்பது தெரியும். ஆயுத பூஜை அன்று வெளியே வரும். சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடும். பாட்டனாரோ பூட்டனாரோ வைத்திருந்த ரிவால்வர். அதற்குத் தோட்டா தீர்ந்து 50, 60 வருஷம் ஆகியிருக்கும்.

வருவாய்த்துறையில் இருந்தவன், அதிலும் சில வருஷம் துப்பாக்கி உரிமக் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால், இந்த மாதிரி விஷயங்களுக்குச் சொந்தக்காரர்கள் என்னிடம் வருவார்கள். முன்பெல்லாம் "இதைப் பையன் பேருக்கு மாத்த முடியுங்களா?" என்பதுதான் கேள்வி. இப்போது கேள்வி மாறிவிட்டது. தங்கை மகன் ஒருவன் கேட்டான்:

"மாமா, அப்பாரு துப்பாக்கி சும்மா கெடக்குதுங்க. அதுக்குத் தோட்டா எங்கியும் வர்றதில்லையாம். ஈயத்த உருக்கி நாமளே குண்டு ஊத்திக்கலாங்களா? வெளிநாட்டுல வூட்டுலயே பண்றாங்க, வீடியோ பார்த்தேன். கூடு வேணும்னா திருச்செங்கோட்டுல எந்த லேத்துல குடுத்தாலும் கடஞ்சு குடுத்துருவாங்க."

"வேண்டாம் மாப்பிள்ளை" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம்தான் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டா இல்லாத பழைய ரிவால்வர் வெறும் இரும்பு. அதற்கு இன்றைக்கு வார்க்கிற புதுத் தோட்டாதான் ஆபத்து. ஆகவே தோட்டா விஷயத்தில் சட்டம் கறாராக இருப்பது நியாயம். அதே சமயம், அந்த இரும்பைப் பெரியவர்களின் ஞாபகமாக வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்களுக்கு அரசாங்கம் சுலபமான வழி ஒன்று செய்து கொடுக்க வேண்டும். இரண்டாவது இல்லாததால்தான் பலருக்கு முதலாவதில் ஆசை வருகிறது.

இந்த ரிவால்வர்கள் நம் வீடுகளுக்கு எப்படி வந்தன? சேலம் ஜில்லாவில் சின்னச் சின்ன ஜமீன்களை மிட்டா என்பார்கள். மிட்டாதார்கள், பெரிய பண்ணைக்காரர்கள், ராவ் பகதூர் பட்டம் வாங்கியவர்கள் வீட்டில் துப்பாக்கி ஒரு கௌரவம். 1878-இல் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு விலக்கு. அதனால் லைசென்ஸ் கிடைத்தாலே ஊரில் ஒரு மதிப்பு. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையில் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மிட்டா போயிற்று, வில்வண்டி போயிற்று, ரிவால்வர் மட்டும் பெட்டியில் தங்கிவிட்டது.

அப்படித் தங்கியவற்றில் பெயர்போனது வெப்ளி. பர்மிங்காமில் செய்தது. நடுவில் மடித்துத் திறந்தால் ஆறு காலிக் கூடும் தானாக மேலே எழும்பி வரும். பிரிட்டிஷ் ராணுவம் 1887-இல் இதை ஏற்றுக்கொண்டது. முதல் உலகப்போரின்போது, 1915-இல், ஆறாவது மாதிரி வந்தது. வாய் .455 அங்குலம், அதாவது ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். ஒரு குண்டின் எடை மட்டும் 17 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுனுக்கும் கொஞ்சம் கூடுதல். இன்றைக்கு நம் நாட்டில் தனியாருக்கு உரிமம் கொடுக்கிற ரிவால்வர் பெரும்பாலும் .32 வாய் உள்ளது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்வது. .455-க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. .455, .380 தோட்டா போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர்கள் ராணுவ ரகம் என்று தடை செய்யப்பட்ட பிரிவில் வருகின்றன. மாவட்ட ஆட்சியர் உரிமம் கொடுக்க முடியாது; டெல்லிக்குப் போக வேண்டும். பாட்டனார் முறையாக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த பொருள்தான். பேரன் காலத்தில் அது ஒரு முட்டுச்சந்தில் வந்து நிற்கிறது. தோட்டாவும் கிடையாது, உரிமமும் எளிதல்ல, தூக்கிப்போட மனமும் இல்லை.

சரி, தோட்டாவுக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கு சமாச்சாரம் இருக்கிறது: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் கேப்பு, உள்ளே மருந்து, முன்னால் குண்டு. வீடியோ பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது குண்டு வார்க்கிற காட்சிதான். ஈயம் உருகி வெள்ளி மாதிரி அச்சில் இறங்குவது பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் உயிரோடு விளையாடுகிற இடம் மருந்து.

1880-கள் வரை உலகம் முழுக்க வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்துதான். சேலம், கோயம்புத்தூர்ச் சீமையில் உப்பு மண்ணைக் கரைத்து வெடியுப்புக் காய்ச்சியே பிழைத்தவர்கள் இருந்தார்கள். அந்த மருந்து எரிந்தால் புகை மண்டும், குழலில் கரி படியும், அழுத்தம் கொஞ்சம் நிதானமாக ஏறும். 1889-இல் இங்கிலாந்தில் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இருக்கும் தொழிற்சாலையே கார்டைட் ஃபாக்டரி என்றுதான் பெயர் வாங்கியது. 1900-களின் ஆரம்பத்தில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. புகையில்லா மருந்து கொஞ்சம் போட்டாலே கருமருந்தைவிடப் பல மடங்கு வேகம்.

பழைய ரிவால்வரின் உருளை அந்தக் காலத்து இரும்பு. பலவற்றைக் கருமருந்தின் அழுத்தத்துக்கு அளவெடுத்துத்தான் கடைந்தார்கள். அதில் இந்தக் காலத்து மருந்தைப் போட்டால் உருளை பிளக்கலாம். ரிவால்வரில் ஆறு அறையும் ஒட்டியே இருக்கும். ஒன்று பிளந்தால் பக்கத்து அறையையும் சேர்த்துக் கொண்டுபோகும். அது நடக்கிற இடம் முகத்திலிருந்து ஒரு முழ தூரம். நூறு வருஷத்து இரும்பில் மயிரிழை விரிசல் எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் இதைச் சட்டப்படி பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு அளவு போட்ட புத்தகம், சோதித்த மருந்து, விவரம் தெரிந்த ஆயுதக் கம்மியர் எல்லாம் பக்கத்திலேயே உண்டு. அப்படி இருந்தும் அங்கே கை போனவர்கள் இருக்கிறார்கள். நமக்கு இருப்பது செல்போன் வீடியோ மட்டும்.

லேத் பட்டறைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ரிக் வண்டிக்கும் லாரிக்கும் எந்த உதிரிபாகம் கேட்டாலும் கடைந்து தருகிற கை நம்மூர்க் கை. உலகம் பூராவும் போர் போடுகிற வண்டி திருச்செங்கோட்டிலிருந்து போகிறது. ஆனால் அந்தக் கை ஒரு தோட்டாக் கூட்டைத் தொட்டால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர். நாலு காசுக்காக ஒரு பட்டறைக்காரர் குடும்பத்தை நாம் தெருவில் நிறுத்தக் கூடாது.

"அந்தக் காலத்தில் நாட்டுத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே மருந்து கெட்டிக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொல்லிமலை அடிவாரத்திலும் சேர்வராயன் மலை அடிவாரத்திலும் பயிரைக் காப்பாற்ற உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. குழல் வாய் வழியாக மருந்து போட்டு, நார் திணித்து, ஈயக்குண்டோ பால்ரஸோ போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். அது ஒற்றைக் குழல், கனத்த இரும்பு, ஆதியிலிருந்தே கருமருந்துக்குச் செய்தது. அதையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அதிலும் எத்தனை பேர் விரலையும் கண்ணையும் பறிகொடுத்தார்கள் என்பது மலையடிவாரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். இருட்டில் பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தி இன்றைக்கும் பேப்பரில் வருகிறது. உரிமம் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று போலீஸார் மலைக்கிராமங்களில் அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாரி ஊர் என்பதால் பழைய பேட்டரி ஈயத்துக்குப் பஞ்சமில்லை. "உருக்கினால் என்ன, சோறு ஆக்குற அடுப்புதானே" என்பார்கள். அதுதான் கூடாது. ஈயப் புகையும் தூசியும் கண்ணுக்குத் தெரியாது. துணியிலும் திண்ணையிலும் படிந்து நிற்கும். தவழ்கிற குழந்தை கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தை மூளையை அது மந்தமாக்கும். ஈயத்தில் இந்த அளவு வரை பரவாயில்லை என்று எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேரன் படிப்புக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு, கொல்லையில் ஈயம் காய்ச்சுவது என்ன கணக்கு?

இனிச் சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் தோட்டாவும் துப்பாக்கி மாதிரிதான். உரிமம் இல்லாமல் செய்வது மட்டுமில்லை, மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது, சுட்டுச் சோதிப்பது எல்லாமே குற்றம். 2019-இல் திருத்தம் வந்தபின் இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 வருஷம். ஆயுள் வரைக்கும் போகலாம். மருந்துக்கு 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம் தனி.

"ஆனால் பழங்காலத்துத் துப்பாக்கிக்குச் சட்டம் பொருந்தாதே" என்று சிலர் வக்கீல் மாதிரி பேசுவார்கள். 45-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் முழுசாகப் படிக்க வேண்டும். பழைய மாதிரியாகவோ, பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதாகவோ இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாகவும் இருக்க வேண்டும். அப்பாரு துப்பாக்கிக்கு நீங்கள் ஒரே ஒரு தோட்டா செய்து முடித்த அன்றைக்கே, "இது சுடாதுங்க" என்ற உங்கள் வாதம் உங்கள் கையாலேயே செத்துப்போகிறது.

இது சும்மா பயமுறுத்துவதற்குச் சொல்வதில்லை. பிரிட்டனில் 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுவருஷமே கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். ஆனால் தோட்டாச் செய்வது நின்றுபோன பழைய ரகங்களை, பழம்பொருள் என்று விட்டுவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். அங்கே உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி ஒருவர் தம் வீட்டிலேயே அந்தப் பழைய துப்பாக்கிகளுக்கு அளவாகத் தோட்டா செய்து கொடுத்தார். அவர் கொடுத்தவை ரௌடிக் கும்பல்கள் கைக்குப் போயின. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் கைச்சரக்கைப் போலீஸார் கண்டெடுத்தார்கள். 2017-இல் அவருக்கு 30 வருஷம் தண்டனை விதித்தார்கள். 2021-இல் பழம்பொருள் பட்டியலிலிருந்து ஏழு தோட்டா ரகங்களையே அந்த அரசாங்கம் எடுத்துவிட்டது. ஆக, அந்தத் துப்பாக்கிகள் நூறு வருஷம் யாருக்கும் கெடுதல் செய்யாமல் அலமாரியில் இருந்தவைதான். ஒருவர் குண்டு வார்த்தார். அவை மறுபடி உயிர்பெற்றன. ஒருவர் தப்பால், ஒழுங்காக வைத்திருந்த பழம்பொருள் பிரியர்கள் எல்லோருக்கும் கட்டுப்பாடு வந்தது. தோட்டா புதுசானால் துப்பாக்கியும் புதுசுதான்.

இதுவரை சொன்னது நம் பக்கத்துக் கடமை. அரசாங்கத்தின் பக்கமும் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலையில் தோட்டாவே இல்லாத ஒரு பழைய ரிவால்வருக்காக 70 வயதுக்காரர் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். உரிமத்துக்குத் தனி அடையாள எண் வேண்டும். புதுப்பிக்க வேண்டும். பெரியவர் காலமாகிவிட்டால் வாரிசுகளுக்கு எங்கே போவதென்றே தெரியாது. ஸ்டேஷனில் கொடுத்தால் துருப்பிடிக்கும், திரும்பி வராது என்ற பயம். அதனால் சிலர் மூச்சுவிடாமல் பரணில் போட்டுவிடுகிறார்கள். சிலர் இரவோடு இரவாகப் பாழுங்கிணற்றில் போட்டதாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். பரணில் கிடப்பதுதான் பிற்பாடு திருட்டுப் போகிறது. அல்லது விவரம் தெரியாத பேரன் கையில் கிடைக்கிறது. சட்டத்தின் நோக்கத்துக்கு இது நேர் எதிர்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வருஷா வருஷம் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கிறது. அது மாதிரி வருஷத்துக்கு ஒரு நாள் பழைய துப்பாக்கிகளுக்கென்று ஒரு முகாம் வையுங்கள். கொண்டுவருகிறவர்கள் மேல் அந்த ஒரு நாள் வழக்கு வேண்டாம். ஆயுதப்படையில் இருக்கும் கம்மியர் குழலையும் உருளையையும் இனி எந்தக் காலத்திலும் சுட முடியாதபடி அடைத்துக் கொடுக்கட்டும். ஒரு சான்றிதழ், ஒரு முத்திரை. அவ்வளவுதான். அப்புறம் அது ஆயுத பூஜைக்கும் ஷோகேஸுக்கும் உரிய பொருள். வீட்டில் வேண்டாம் என்பவர்களிடம் வாங்கிச் சேலம் அரசு அருங்காட்சியகத்தில், இன்ன ஊர், இன்ன குடும்பம் கொடுத்தது என்று பெயர்ப்பலகையோடு வையுங்கள். சென்னை எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸில் 2021-இல் காவல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அதை மாதிரி நம் மாவட்டத்துக்கும் ஒரு மூலை போதும்.

அது வரும்வரை வாசகர்களுக்கு, முக்கியமாக என் வயதுக்காரர்களுக்கு, சில வார்த்தைகள். உரிமம் உங்கள் பேரில் இருந்து, உங்களுக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேரில் உரிமம் கேட்க 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் இடம் தருகின்றன. தள்ளிப்போடாதீர்கள். நாம் போனபின் பிள்ளைகள் அலைய வேண்டாம். 2019 திருத்தப்படி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பெரியவர் காலமாகி, யார் பேரிலும் உரிமம் இல்லை என்றால், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டத்திலேயே 21-ஆம் பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், இல்லை விற்கலாம். விட்டுவிட்டால்தான் அரசாங்கத்துக்குப் போகும்.

பெட்டியில் பழைய தோட்டா இரண்டொன்று அகப்பட்டால் சுட்டுப் பார்க்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், பிரிக்காதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள், பித்தளை ஆயிற்றே என்று பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பச்சைப் பாசி படிந்த தோட்டாவும் வெடிக்கும்.

தங்கை மகனிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். "அப்பாரு அந்தத் துப்பாக்கியால யாரையும் சுட்டதா ஊர்ல ஒரு சொல்லு கிடையாது மாப்பிள்ளை. சுடாத துப்பாக்கின்னுதான் அதுக்கு மதிப்பு. அந்தப் பேர நீ கெடுக்காதே." கொஞ்ச நேரம் யோசித்தான். உரிமப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.